மயக்க மருந்தும் சுவாசக் கருவியும்: புதிதாக வருபவர்கள் இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

மயக்கவியலுக்குப் புதிதாக வருபவர்களில் பலர் இரண்டு நோட்டுப் போட்டுப் படிக்கிறார்கள். ஒன்றில் சுவாசக் கருவிகள்: மாஸ்க், குரல்வளைக்கு மேலே அமரும் எல்.எம்.ஏ. (லாரிஞ்சியல் மாஸ்க்), ஐ-ஜெல், மூச்சுக்குழாய்க்குள் போகும் எண்டோட்ராக்கியல் டியூப். இன்னொன்றில் மருந்துகள்: தூங்கவைக்கும் புரொபோஃபால், வலியடக்கும் ஓபியாய்டான ஃபென்டனில், ஆவியாகக் கொடுக்கும் செவோஃப்ளூரேன், தசையைத் தளர்த்தும் ரோகுரோனியம். தேர்வுக்கு இது உதவும். தியேட்டரில் இரண்டு நோட்டும் ஒன்றாகிவிடுகின்றன. டியூப் போடுவதற்குச் சரியாக இருந்த ஃபென்டனில் அளவே, ஐ-ஜெல் போட்ட நோயாளிக்கு ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடும். ஐ-ஜெல்லுக்குப் போதுமான மயக்க ஆழத்தில் லாரிங்கோஸ்கோப்பை (டியூப் போடக் குரல்வளையைக் காட்டும் கருவி) உள்ளே விட்டால் இதயத் துடிப்பு 130-ஐத் தொடலாம். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே மருந்தையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம். மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் அப்படித்தான், கருவி பாதி முடிவாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யும் புதியவர்களுக்கானது. இங்கே வரும் அளவுகள் ஆரோக்கியமான பெரியவர்களுக்குரியவை. முதியவர், உடலில் நீர் வற்றியவர், இதயம் பலவீனமானவர் என்றால் அளவும் குறையும், கொடுக்கும் வேகமும் குறையும். உங்கள் துறையில் எழுத்து வடிவில் நெறிமுறை இருந்தால் அதுதான் முதலில்.

படி 1: வயிற்றையும் மருந்துச் சீட்டையும் ஒரே மூச்சில் விசாரியுங்கள்

வாய் எவ்வளவு திறக்கிறது, மல்லம்பட்டி (வாய் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) எந்த நிலை, கழுத்து பின்னால் சாய்கிறதா, கீழ்த்தாடையை முன்னே தள்ள முடிகிறதா என்பதையெல்லாம் பாடப்புத்தகங்கள் விரிவாகவே சொல்கின்றன. நான் வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். கருவித் தேர்வை அடிக்கடி புரட்டிப்போடுவது அதுதான்.

தெளிந்த நீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, லேசான உணவும் மற்ற பால் வகைகளும் 6, எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த உணவு 8 மணி நேரமோ அதற்கு மேலோ. இந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் கடிகாரம் சொல்வதை வயிறு கேட்க வேண்டும் என்பதில்லை. குடல் அடைப்பு, முற்றிய கர்ப்பம், அடிபட்டு வந்தவர், கடும் வலியில் இருப்பவர், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு ஏற்கெனவே உள்ளே போனவர், நெடுநாள் சர்க்கரை நோயாளி ஆகியோரின் வயிறு 8 மணி நேரம் கழித்தும் காலியாக இல்லாமல் இருக்கலாம்.

சமீப ஆண்டுகளில் இந்தப் பட்டியலில் செமாக்ளூடைடு, டூலாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகளும் சேர்ந்துவிட்டன. சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் வாரம் ஒருமுறை போடப்படும் இவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. வாராந்திர ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லி அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2023-இல் அறிவுறுத்தியது. 2024-இல் பல சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல் அதைக் கொஞ்சம் தளர்த்தியது: பெரும்பாலோர் ஊசியைத் தொடரலாம், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 24 மணி நேரத் திரவ உணவு, சந்தேகம் இருந்தால் வயிற்றை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. நடைமுறையில் ஒன்றை நினைவில் வையுங்கள். “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டால் இந்த ஊசி பதிலில் வராது. “வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஊசி போடுகிறீர்களா? எடை குறைய ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா? குமட்டல், வயிறு உப்பசம் இருக்கிறதா?” என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்து மற்ற மருந்துகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காமல், எதைப் பார்த்தால் உங்கள் கை எதை மாற்ற வேண்டும் என்று யோசியுங்கள்.

ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகை ரத்த அழுத்த மாத்திரைகளை அன்று காலை சாப்பிட்டு வந்தவருக்கு, மயக்கத்தைத் தொடங்கும் இன்டக்‌ஷனுக்குப் பிறகு அழுத்தம் இறங்கினால் அழுத்தத்தை ஏற்றும் எஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் இரண்டுக்குமே சரியாக மசியாமல் போகலாம். வாசோபிரசின் போன்ற வேறு வழி தேவைப்படலாம். முந்தைய நாளே நிறுத்துவதா, தொடர்வதா என்பதில் துறைக்குத் துறை பழக்கம் வேறுபடுகிறது. சாப்பிட்டு வந்துவிட்டார் என்று தெரிந்தால் புரொபோஃபாலைக் குறைத்து, நிதானமாகக் கொடுங்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென நிறுத்தக் கூடாது, தொடர வேண்டும். ஆனால் ஃபென்டனிலோ ரெமிஃபென்டனிலோ சேர்ந்து, லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயுவும் ஏற்றப்படும் அந்த நிமிடத்தில் துடிப்பு 40-க்குக் கீழே போகலாம். அட்ரோபின் ஏற்றிய சிரிஞ்ச் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் இருந்தால் டிரமடால், பெதிடின் இரண்டையும் தவிர்ப்பது நல்லது, செரடோனின் சிண்ட்ரோம் (செரடோனின் அளவுமீறிக் காய்ச்சலும் நடுக்கமும் தரும் நிலை) வரலாம். மனச்சோர்வுக்கான பழைய எம்.ஏ.ஓ. (மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம்) தடுப்பான்களோடு பெதிடின் உயிருக்கே ஆபத்து. அவற்றோடு எஃபெட்ரின் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறும். லினெசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும், மெத்திலீன் நீலமும் இதே என்சைமைத் தடுப்பவை என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாவது) வரலாம். பல ஆண்டுகளாக ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் எடுப்பவர்களுக்கு ரோகுரோனியம், வெகுரோனியம் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாறாக ஜென்டாமைசின், மெக்னீசியம் சல்பேட் இரண்டும் தசைத்தளர்வை நீட்டிக்கும்.

படி 2: அறுவைக்கு என்ன வேண்டும் என்று மூன்று கேள்விகள்

வயிற்றிலிருந்து எதுவும் மேலே வர வாய்ப்பு உண்டா? நுரையீரலுக்குள் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தள்ள வேண்டியிருக்கும்? அறுவை நடக்கும் நேரத்தில் நோயாளியின் தலையை நம்மால் எட்ட முடியுமா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சங்கடமாக இருந்தால் டியூப் பக்கம் சாயுங்கள். கை முறிவு, மார்பகக் கட்டி, சிறு ஹெர்னியா போல நோயாளி மல்லாந்து படுத்திருக்கும் குறுகிய அறுவைகளில் மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்கும். அங்கே சூப்ராகிளாட்டிக் கருவி (எல்.எம்.ஏ., ஐ-ஜெல் போலக் குரல்வளைக்கு மேலே அமர்வது) நோயாளிக்குப் பெரும்பாலும் பொருத்தமானது.

படி 3: கருவிகளைப் பெயரை வைத்து அல்ல, செய்யும் வேலையை வைத்து ஒப்பிடுங்கள்

ஆர்ச்சி பிரெயின் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1981-இல் உருவாக்கிய எல்.எம்.ஏ. 1988-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1986-இல், புரொபோஃபால் அங்கே பழக்கத்துக்கு வந்திருந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்தது பெரிய உதவியாக அமைந்தது. பழைய தூக்க மருந்தான தயோபென்டோன் கொடுத்துத் தூங்கவைத்தவரின் தொண்டை இன்னும் விழிப்பாகவே இருக்கும். புரொபோஃபால் தொண்டையின் அனிச்சைகளை நன்றாக அடக்கும். எல்.எம்.ஏ. இவ்வளவு வேகமாகப் பரவியதில் அந்த மருந்துக்கும் பங்கு உண்டு. கருவியும் மருந்தும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல் தலைமுறை எல்.எம்.ஏ.வில் காற்றுப் போக ஒரு வழி மட்டுமே உண்டு. சுமார் 20 செ.மீ. நீரழுத்தம் வரை காற்றைக் கசியவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதுதான் சீல் அழுத்தம். இரண்டாம் தலைமுறைக் கருவிகளான புரோசீல், சுப்ரீம், ஐ-ஜெல் ஆகியவற்றில் வயிற்றுக்குத் தனி வழி இருக்கிறது. அதன் வழியாக மெல்லிய குழாயை விட்டு வயிற்றை உறிஞ்சலாம். ஏதாவது மேலே வந்தால் முதலில் அந்த வழியில் தலைகாட்டும். சீல் அழுத்தமும் கூடுதல்: ஐ-ஜெல், சுப்ரீம் சுமார் 25, புரோசீல் சுமார் 30. ஐ-ஜெல்லுக்குக் காற்றடைக்கும் கஃப் கிடையாது. உள்ளே போட்டதும் அப்படியே வேலை செய்யும். கையாளக் கற்பதற்கு அதுதான் எளிது. எடை 30 முதல் 60 கிலோ வரை 3-ஆம் எண், 50 முதல் 90 வரை 4-ஆம் எண், 90-க்கு மேல் 5-ஆம் எண். 50-க்கும் 60-க்கும் இடையில் இரண்டு எண்ணும் பொருந்தும் என்பதால் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதுவும் மூச்சுக்குழாயை முழுமையாகப் பாதுகாப்பதில்லை. 2011-இல் வெளியான பிரிட்டனின் நான்காவது தேசியத் தணிக்கை அறிக்கை சொன்னதை ஒவ்வொரு புதியவரும் மனதில் பதிக்க வேண்டும். மயக்கத்தின்போது சுவாசப் பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களுக்கு முதன்மைக் காரணம், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போனதுதான். டியூப் போடத் தெரியாததால் வந்த இழப்பைவிட, டியூப் போட வேண்டியவருக்குப் போடாமல் விட்டதால் வந்த இழப்பு கண்ணில் படாமல் போய்விடக்கூடியது.

டியூப்பைப் பொறுத்தவரை பெண்களுக்கு 7.0 அல்லது 7.5, ஆண்களுக்கு 7.5 அல்லது 8.0, உதட்டருகே முறையே சுமார் 21, 23 செ.மீ. கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள். விரலால் கஃபோடு இணைந்த பைலட் பலூனை அமுக்கிப் பார்த்து “சரியாக இருக்கிறது” என்று சொல்வதை விட்டுவிடுங்கள், மானோமீட்டரை வையுங்கள். வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் முதல் முயற்சியிலேயே அதை எடுங்கள். குரல்வளை நன்றாகத் தெரிகிறது, தோல்வி குறைகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மூத்தவரும் நீங்கள் பார்ப்பதையே பார்க்கிறார் என்பது கற்பவருக்குப் பெரிய வரம்.

கருவி ஒப்பீட்டு ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. “இந்தக் கருவி 5 நொடி வேகமானது” என்றிருந்தால், நேரத்தை எங்கிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பாருங்கள். கையில் எடுத்ததிலிருந்தா, பற்களைக் கடந்ததிலிருந்தா? முதல் கார்பன் டை ஆக்சைடு அலை வரையா? நோயாளிக்குத் தசைத்தளர்ப்பி கொடுத்தார்களா? கருவியைப் போட்டது 20 ஆண்டு அனுபவசாலியா, நேற்று சேர்ந்தவரா? தசைத்தளர்ப்பி கொடுத்த நோயாளியிடம் கிடைத்த சீல் அழுத்தத்தைத் தானாக மூச்சுவிடும் உங்கள் நோயாளிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. முன்பே நன்றாக ஆக்சிஜன் ஏற்றப்பட்ட நோயாளிக்கு அந்த ஐந்து நொடி பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை. முதல் முயற்சி வெற்றி, சீல், வயிற்று வழி, தொண்டைக் காயம் ஆகிய நான்கும்தான் என் கணக்கில் எடை உள்ளவை.

படி 4: மருந்துகள் கூடும்போது என்ன ஆகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

இரண்டு மருந்து சேர்ந்தால் விளைவு வெறுமனே கூட்டலாக இருக்கலாம், கூட்டலைவிட அதிகமாகவும் இருக்கலாம். செவோஃப்ளூரேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கூட்டல் கணக்கு. 40 வயதுக்காரருக்கு செவோஃப்ளூரேனின் மேக் (கத்தி பட்டும் பாதிப் பேர் அசையாமல் இருக்கும் அளவு) சுமார் 2 சதவீதம், ஐசோஃப்ளூரேனுக்கு 1.2-ஐ ஒட்டி, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. அரை மேக் இதிலிருந்து, அரை மேக் அதிலிருந்து என்று சேர்த்தால் ஒரு மேக். வயது பத்தாண்டு கூடக்கூட மேக் சுமார் 6 சதவீதம் குறைகிறது.

புரொபோஃபால், மிடசோலம், ஓபியாய்டு ஆகியவை அப்படியல்ல. ஒன்று மற்றொன்றைப் பெருக்கும். 1990-இல் ஆரோக்கியமான 12 தன்னார்வலர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மிடசோலம் மட்டும் கொடுத்தபோது மூச்சில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது பாதிப் பேருக்கு ஆக்சிஜன் இறங்கியது. இரண்டும் சேர்ந்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் இறங்கியது, 6 பேருக்கு மூச்சே நின்றது. பயத்தைப் போக்க 1 மி.கி. மிடசோலம் கொடுத்துவிட்டு அதை மறந்து, வழக்கமான ஃபென்டனிலும் வழக்கமான புரொபோஃபாலும் கொடுப்பவர்கள் இந்த எண்களை நினைவில் கொள்ள வேண்டும்.

நேரமும் ஒரு மருந்து மாதிரி. ஃபென்டனிலின் உச்ச விளைவு வர 3 முதல் 5 நிமிடம் ஆகும். புதியவர்கள் ஃபென்டனிலைக் கொடுத்த கையோடு புரொபோஃபாலையும் கொடுத்து, உடனே லாரிங்கோஸ்கோப்பை எடுக்கிறார்கள். டியூப் போகும்போது ஃபென்டனில் இன்னும் வேலைக்கு வரவில்லை. துடிப்பும் அழுத்தமும் ஏறுகின்றன. டியூப்பைக் கட்டி முடித்து, நோயாளியின் உடலைச் சுத்தம் செய்யத் தொடங்கும்போது எந்தத் தூண்டலும் இல்லை. அப்போதுதான் ஃபென்டனில் உச்சத்துக்கு வருகிறது, அழுத்தம் 70-க்கு இறங்குகிறது. மானிட்டரில் நீங்கள் பார்ப்பது நோயாளியின் கோளாறு அல்ல, வரிசைக் கோளாறு. ஆக்சிஜன் மாஸ்க்கை வைக்கும்போதே ஃபென்டனிலைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தசைத்தளர்ப்பிகள் தனி உலகம். ஆவி மயக்க மருந்துகள் எல்லாமே ரோகுரோனியத்தையும் வெகுரோனியத்தையும் நீட்டிக்கும். டெஸ்ஃப்ளூரேன் அதிகமாக, செவோஃப்ளூரேன் அடுத்து. புரொபோஃபால் டிரிப்பில் கொடுத்த அதே அளவு, செவோஃப்ளூரேனில் நீண்ட நேரம் நிற்கும். அசையாமல் கிடப்பதால் நோயாளி தூங்குகிறார் என்று நினைத்துவிடும் ஆபத்தும் இங்கேதான். 2014-இல் வந்த ஐந்தாவது தேசியத் தணிக்கையின்படி, மயக்கத்தின் நடுவே விழிப்பு வந்ததாகப் பதிவானது தசைத்தளர்ப்பி கொடுத்தவர்களில் சுமார் 8,000 பேருக்கு ஒருவர். கொடுக்காதவர்களில் சுமார் 1,36,000 பேருக்கு ஒருவர். சூப்ராகிளாட்டிக் கருவியோடு, தானே மூச்சுவிடும் நோயாளியைப் பராமரிப்பதில் உள்ள சத்தமில்லாத நன்மை இது.

ரத்தநாளத்தில் போட்ட ஒரே வென்ஃப்ளானில் (ஊசிக் குழாய்) நடப்பதையும் கவனியுங்கள். தயோபென்டோன் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதன் பின்னாலேயே ரோகுரோனியத்தையோ இன்னொரு தசைத்தளர்ப்பியான சக்சமெத்தோனியத்தையோ தள்ளினால் குழாயிலேயே வெள்ளையாகத் திரிந்து அடைத்துக்கொள்ளும். நடுவில் சலைன் விட்டுக் கழுவுங்கள்.

படி 5: கருவிக்கு ஏற்ற மயக்க ஆழம்

சூப்ராகிளாட்டிக் கருவிக்கு, தசைத்தளர்ப்பி இல்லாமல், புரொபோஃபால் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி., கூடவே ஃபென்டனில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. கண் இமையைத் தொட்டால் அசைவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதிலில்லை என்பது போதாது. இரண்டு கைகளாலும் கீழ்த்தாடையின் மூலையைப் பிடித்து நன்றாக முன்னே தூக்குங்கள். முகம் சுளிக்கிறதா, கை நகர்கிறதா, மூச்சின் தாளம் மாறுகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லை, தாடை கைக்குள் தளர்ந்து வருகிறது என்றால் கருவியை எடுங்கள். சிறிது எதிர்ப்பு இருந்தாலும் இன்னும் கொஞ்சம் புரொபோஃபால், இன்னும் அரை நிமிடம் பொறுமை. அரைகுறை ஆழத்தில் போட்டால் இருமல், கடிப்பு, குரல்வளை இறுக்கம் எல்லாம் வரிசையாக வரும். இறுக்கம் வந்துவிட்டால்: தூண்டுவதை நிறுத்தி, 100 சதவீத ஆக்சிஜனை விடாத அழுத்தத்தோடு கொடுத்து, புரொபோஃபால் சிறு அளவு, அதிலும் இளகாவிட்டால் சக்சமெத்தோனியம்.

டியூப்புக்குத் தூண்டல் அதிகம், அதனால் ஓபியாய்டும் சற்று அதிகம்: ஃபென்டனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் வரை. ரோகுரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி.; வயிறு நிறைந்தவருக்கு அவசரமாகப் போடும்போது 1.2 மி.கி., அல்லது சக்சமெத்தோனியம் 1 முதல் 1.5 மி.கி. தீக்காயம், முதுகுத்தண்டுக் காயம் நேர்ந்து சில நாட்கள் ஆனவருக்கு சக்சமெத்தோனியம் வேண்டாம்; பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு எகிறும்.

மருந்தும் கருவியும் நேரடியாக மோதிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு நைட்ரஜனைவிட ரத்தத்தில் சுமார் 34 மடங்கு கரையும். காற்று அடைத்த கஃபுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து அழுத்தத்தை ஏற்றும். காலையில் 25 வைத்த டியூப் கஃப் ஒரு மணி நேரத்தில் எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எல்.எம்.ஏ. கஃபுக்கு 60 செ.மீ. நீரழுத்தம்தான் மேல்வரம்பு, அதைத் தாண்டினால் தொண்டை வலி மட்டுமல்ல, நாக்குக்கும் குரல்வளைக்கும் போகும் நரம்புகள் அழுந்தலாம். ஐ-ஜெல்லில் இந்தத் தொல்லை இல்லை. டெஸ்ஃப்ளூரேன் தொண்டையையும் மூச்சுப்பாதையையும் எரிச்சலூட்டும், புகைபிடிப்பவருக்கு எல்.எம்.ஏ. போட்டு, ஆழம் வருமுன் டெஸ்ஃப்ளூரேனை வேகமாக ஏற்றினால் இருமல் எளிதில் வரும். கருவியில் தடவுவது நீர் சார்ந்த ஜெல்லாக இருக்கட்டும். சிலிக்கோன் ஸ்பிரே கருவியைக் கெடுக்கும், லிக்னோகெய்ன் ஜெல் விழிக்கும்போது தொண்டையின் காவல் அனிச்சை திரும்புவதைத் தாமதப்படுத்தலாம்.

படி 6: போட்டதும் சோதியுங்கள்

முதலில் கேப்னோகிராஃப், அதாவது மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி. தொடர்ந்து குறைந்தது 7 மூச்சுக்கு அலை வர வேண்டும், வெளிமூச்சில் ஏறி உள்மூச்சில் இறங்க வேண்டும். அலையே இல்லை என்றால் டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். “மூச்சுச் சத்தம் கேட்டது”, “டியூப்பில் ஆவி படிந்தது” என்பதெல்லாம் அலைக்கு ஈடாகாது. இதில் சமரசமே கூடாது.

சூப்ராகிளாட்டிக் கருவி என்றால் கசிவுச் சோதனை. புதுவாயு ஓட்டத்தை 3 லிட்டரில் வைத்து, ஏ.பி.எல். வால்வை (கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றுவது) மூடி, பேக்கைத் தொடாமல் அழுத்தமானியைப் பாருங்கள். முள் மெல்ல ஏறும். வாயருகே காது வைத்தால் ஒரு கட்டத்தில் மெல்லிய சீறல் கேட்கும், முள்ளும் அங்கேயே நிற்கும். அதுதான் சீல் அழுத்தம். 40-க்கு மேல் ஏறவிடாமல், குறித்துக்கொண்டதும் வால்வைத் திறந்துவிடுங்கள். மூச்சு ஏற்றும் அழுத்தத்தை 20-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் காற்று வயிற்றுக்குள் போகத் தொடங்கும். வயிற்று வழியில் குழாய் தடங்கலில்லாமல் இறங்கினால் கருவியின் நுனி சரியான இடத்தில் இருக்கிறது.

படி 7: போட முடியவில்லை என்றால்

பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் 2015 வழிகாட்டல் சொல்லும் வரிசையை இன்டக்‌ஷனுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்: டியூப், அது முடியாவிட்டால் இரண்டாம் தலைமுறை சூப்ராகிளாட்டிக் கருவி, அதுவும் முடியாவிட்டால் மாஸ்க், எதுவும் முடியாவிட்டால் கழுத்தின் முன்பக்கம் கீறி டியூப். லாரிங்கோஸ்கோப் முயற்சி மூன்று. அனுபவம் மிக்க ஒருவர் நான்காவதாக ஒருமுறை. அத்தோடு நிறுத்தம்.

“ரோகுரோனியம்தானே, சுகமடெக்ஸ் கிலோவுக்கு 16 மி.கி. கொடுத்து எழுப்பிவிடலாம்” என்று நம்பியிருப்பது தவறு. அது தசைத்தளர்வை மட்டும் நீக்கும். புரொபோஃபாலும் ஃபென்டனிலும் உள்ளேயே இருக்கின்றன. வீங்கிய தொண்டை வீங்கியே இருக்கிறது. அவ்வளவு அளவைச் சிரிஞ்சில் ஏற்றவே நேரம் பிடிக்கும். உதவிக்கு ஆள் கூப்பிடுவது அதைவிட வேகமானது.

படி 8: ஒரு நோயாளியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்

38 வயதுப் பெண், 70 கிலோ, தள்ளிப்போட முடியாத பித்தப்பை அழற்சி, லேப்ராஸ்கோப்பி. வாராந்திர செமாக்ளூடைடு ஊசி போட்டு மூன்று நாள். இரண்டு நாளாகக் குமட்டல். டெல்மிசார்டன் காலையில் சாப்பிட்டுவிட்டார். செர்ட்ரலின் எடுக்கிறார். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள கருத்தடை மாத்திரையும் உண்டு.

வயிறு நிறைந்திருப்பதாகவே கொள்ள வேண்டும், டியூப்தான். தலைப்பக்கம் உயர்த்தி, வெளிமூச்சு ஆக்சிஜன் 90 சதவீதத்தை எட்டும்வரை ஆக்சிஜன். மிடசோலம் வேண்டாம். டெல்மிசார்டனுக்காக புரொபோஃபால் வழக்கத்தைவிடக் குறைவாக, அழுத்தத்தை ஏற்றும் மருந்து சிரிஞ்சில் தயாராக. ரோகுரோனியம் 1.2 வீதம் 84 மி.கி., ஒரு நிமிடக் காத்திருப்பு, வீடியோ லாரிங்கோஸ்கோப். நைட்ரஸ் ஆக்சைடு தேவையில்லை; குமட்டலைக் கூட்டும். வலிக்கு டிரமடால் இல்லை. பாராசிட்டமால், துளையிட்ட இடங்களில் மரப்பு ஊசி, தேவைக்குச் சிறிது சிறிதாக ஃபென்டனில்.

84 மி.கி. ரோகுரோனியம், செவோஃப்ளூரேன், முக்கால் மணி நேர அறுவை: முடியும்போது தசைத்தளர்வு ஆழமாகவே இருக்கும். நரம்புத் தூண்டியை வையுங்கள். நான்கு தூண்டலில் இரண்டு துடிப்பு திரும்பியிருந்தால் சுகமடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 140, அதைவிட ஆழமாக இருந்தால் 4 மி.கி. வீதம் 280. தசைத்தளர்வை நீக்கும் பழைய மருந்தான நியோஸ்டிக்மின் இவ்வளவு ஆழத்தில் உதவாது. நான்காவது துடிப்புக்கும் முதல் துடிப்புக்கும் உள்ள விகிதம் 0.9-ஐ எட்டி, கண்ணைத் திறந்து, சொன்னதைச் செய்த பிறகே டியூப்பை எடுக்க வேண்டும். ஆழ்ந்த மயக்கத்திலேயே டியூப்பை எடுக்கும் பழக்கம் இவருக்குப் பொருந்தாது. வயிறு இன்னும் அதே வயிறுதான்.

கடைசியாக எழுத்து வேலை. மயக்கச் சீட்டில் எந்தக் கருவி, எந்த எண், எத்தனையாவது முயற்சி, குரல்வளை எவ்வளவு தெரிந்தது, மாஸ்க் மூச்சு எளிதாக இருந்ததா என்று எழுதுங்கள். அடுத்த முறை இவரைத் தூங்கவைக்கப் போகிறவர் அதைத்தான் தேடுவார். சுகமடெக்ஸ் புரோஜெஸ்டினோடு ஒட்டிக்கொண்டு அதன் அளவைக் குறைக்கும் என்பதால், அடுத்த 7 நாட்களுக்கு வேறு கருத்தடை முறையும் சேர்த்துக்கொள்ளும்படி நோயாளி முழு விழிப்புக்கு வந்த பிறகு நேரில் சொல்லி, டிஸ்சார்ஜ் குறிப்பிலும் எழுதிவிடுங்கள்.